விலங்குச் சுழி மாட்டை விற்ற கதை

தரகுத் துண்டை இப்போதுதான் தோளில் போட்டிருக்கிற தம்பிகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரைத் தாவணியில், அதாவது மாட்டுச் சந்தையில், நான் விலை முடித்த மாடுகளை வரிசையாக நிறுத்தினால் மேலூர் வரைக்கும் நிற்கும். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருசம். அதில் ஒரு வருசம் வாத்தியார் வீட்டு எருமையை மேய்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். இருந்தும் பெரிய படிப்புப் படித்த வக்கீல்கள் வண்டிமாடு வாங்க என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்லப்போவது நான் தப்புச் செய்த கதை.

பல் பார்ப்பது, நடை பார்ப்பது, துண்டை மூடி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது எல்லாம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே நம்புகிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் லேசில் வராது. வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி மாட்டை ஆசையாகத் தடவிக் கொடுப்பான், விலையும் படிந்துவிடும், கடைசியில் கையை இழுத்துக்கொண்டு, “எல்லாரும் அப்படிச் சொல்றாகளே” என்பான். அந்த ‘எல்லாரும்’ யார் என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. ஆனால் அவன் பின்னால் ஆயிரம் பேர் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த ஆயிரம் பேரோடு பேசத் தெரிந்தவன்தான் தரகன்.

கள்ளுக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முப்பது வயது இருக்கும், தலைக்கனம் அறுபது வயதுக்கு இருந்தது. திருமங்கலம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் என்னிடம் ஒரு செவலைக் காளையை விட்டிருந்தார். ஏருக்குப் பழக்கின மாடு. நாலு பல். திமில் கல்லில் செதுக்கினது மாதிரி. கூப்பிட்டால் காதைத் திருப்பிக் கேட்கும். அப்படியொரு மாட்டை அதற்குப் பிறகு நான் ஐந்தாறுதான் பார்த்திருப்பேன். ஒரே குறை, முன்னங்காலில் முட்டிக்குக் கீழே காலைச் சுற்றிப் பூட்டின மாதிரி ஒரு சுழி. விலங்குச் சுழி என்பார்கள். அந்த மாட்டை வாங்கினவன் கையிலும், கயிறு பிடித்து ஓட்டினவன் கையிலும் போலீஸ் விலங்கு விழும் என்பது பேச்சு. மேலூரிலும் அப்படித்தான், உசிலம்பட்டியிலும் அப்படித்தான்.

மூன்று தாவணிக்கு அந்தச் செவலையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தூரத்திலிருந்து பார்த்ததும் ஓடி வருவார்கள். திமிலைத் தட்டுவார்கள். அப்புறம் குனிந்து காலைப் பார்ப்பார்கள். நிமிரும்போது முகம் மாறியிருக்கும். மூன்றாவது தடவை மாட்டுக்கு உடையவர் சொன்னார்:

“இன்னும் ஒரு தாவணி பாருங்கண்ணே. அதுக்கும் போகலைன்னா தோல் யாவாரிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். எனக்கும் வீட்டுல வச்சிருக்கப் பயமாத்தான் இருக்கு.”

நாலாவது தாவணியில் வாத்தியார் வந்தார். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கொட்டாம்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம், எங்கள் பேச்சில் காடு, கொஞ்சம் இருந்தது. அவரிடம் ஒரு மாடு இருந்தது, அதற்குச் சோடி தேடி வந்திருந்தார். செவலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சுழியை நானேதான் காட்டினேன். மறைத்து விற்கிற வழக்கம் என்னிடம் என்றைக்கும் கிடையாது, இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் சிரித்தார். “இது மயிர் முளைச்ச திசை, தரகரே. இதுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்?”

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் நம்பாத ஆளைத் தேடாமல் இருந்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். துண்டைக்கூட மூடாமல் வாயாலேயே விலை பேசி முடித்தோம். போகிற போக்கில் வாத்தியார் கேட்டார், “ஏருக்கு ஒழுங்கா ஓடுமில்ல?”

“ஏர்ல ஓடலைன்னா நானே வந்து பிடிச்சிட்டுப் போறேன். இது என் வாக்கு” என்றேன்.

அன்றைக்குக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எல்லாரிடமும் அளந்தேன். “நம்புறவன்கிட்ட மாரடிச்சுக்கிட்டு இருந்தீகள்ல? நான் நம்பாதவனாப் பார்த்து முடிச்சேன்ல?”

ஆடி பிறந்தது. நல்ல மழை ஒன்று விழுந்தது. மழை விட்ட மறுநாள் வாத்தியார் என் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் குடை, வேட்டியெல்லாம் சேறு.

“என்னய்யா, மாடு படுத்திருச்சா?”

“மாடு நல்லாத்தான் இருக்கு. ஏர்ல பூட்டத்தான் முடியலை.”

“அது சண்டித்தனம் பண்ற மாடு இல்லையே.”

“மாடு சண்டித்தனம் பண்ணலை, தரகரே. நான் சுழியை நம்பலை. என் வீட்டம்மா நம்பலை. மாடும் நம்பின மாதிரி தெரியலை. ஆனா ஏர் பிடிக்கிற மாயாண்டி நம்புறாரு. கயிறைத் தொட மாட்டேங்கிறாரு. லாடம் அடிக்கிறவரும் வர மாட்டேங்கிறாரு. பக்கத்துக் காட்டுக்காரர் தன்னோட தொட்டியில அது தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாரு. எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. ஈரம் இன்னும் ரெண்டு நாள் நிக்கும். அதுக்குள்ள உழுது விதைக்கலைன்னா இந்த வருசத்துக்கு ஒண்ணுமில்லை.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. என் தப்பு அப்போதுதான் புரிந்தது. நம்பிக்கை என்பது வாங்குகிறவன் மண்டைக்குள் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அது ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. ஒருத்தன் குடிக்காமல் இருந்தால் கிணறு வற்றிவிடுமா? வாத்தியார் நம்பவில்லை, சரி. ஆனால் அவர் வயலை உழுகிற கை, அவர் மாட்டுக்கு லாடம் அடிக்கிற கை, தண்ணீர் காட்டுகிற கை எல்லாம் நம்புகிற கை. நான் மாட்டை ஓர் ஆளுக்கு விற்கவில்லை, ஒரு கிராமத்துக்கு விற்றிருக்கிறேன். அந்தக் கிராமத்தை நான் கேட்கவே இல்லை.

வாக்குப்படி மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்கு ஒரே வழிதான், தோல் யாவாரி. அங்கே விட்டுவிட்டாலோ வாத்தியார் காடு தரிசு. இரண்டுக்கும் மனசு வராமல் வாத்தியாரோடு முதல் பஸ்ஸில் கொட்டாம்பட்டிக்குப் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது களத்து மேட்டில் இருபது பேர் இருந்தார்கள். செவலை வேப்ப மரத்தில் கட்டியிருந்தது. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது. மாயாண்டி தள்ளி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, நல்ல வேலைக்காரர் என்பது கையைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் வாத்தியார் ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது பாடம் நடத்துவது. “சுழி எல்லாருக்கும் உண்டு, மாயாண்டி. உங்க தலையிலேயே இருக்கு, தடவிப் பாருங்க.”

“தெரியுமய்யா. எனக்கு ரெட்டைச் சுழி. அதான் ரெண்டு கல்யாணம்.”

களமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார், பாவம். பாடம் அதோடு முடிந்தது. அறிவைக் கொண்டு வெட்டப்போனால் இப்படித்தான், அவர்கள் கையில் இருக்கிற சாட்சியை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து நான். என் வாய்மேல் எனக்கு அப்போது அம்புட்டு நம்பிக்கை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “இங்கிட்டுத்தான் இதை விலங்குச் சுழிங்கிறாக. தெக்கே போனா இதுக்குக் காப்புச் சுழின்னு பேரு. வாங்கினவன் கையில தங்கக் காப்பு ஏறும்னு போட்டி போட்டு வாங்குறாக” என்றேன்.

ஒரு கிழவி கேட்டாள், “தெக்கேன்னா எந்த ஊருப்பா?”

“அருப்புக்கோட்டைக்கும் அங்கிட்டு.”

“எங்க அம்மாச்சி ஊரு அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டுத்தான். நான் பொறந்ததே அங்கதான். காப்புச் சுழின்னு ஒண்ணைக் கேள்விப்படலையே.”

“மாப்ள, தரகருக்கு ஒரு தங்கக் காப்புப் போட்டுப் பஸ்ஸேத்தி விடுங்கப்பா” என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்.

காது மடல் சூடாகிவிட்டது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் நம்பிக்கையை நாம் வீட்டில் உட்கார்ந்து தயார் பண்ண முடியாது. அது ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்க வேண்டும். நாம் கொண்டுபோனால் அது சரக்கு, சரக்கை எல்லாரும் உருட்டிப் பார்ப்பார்கள்.

எனக்கு இன்னொரு வழி தெரியும். வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, “கால்ல ஒரு சூடு போட்டுட்டா சுழி தெரியாதுங்கய்யா. வாதத்துக்குப் போட்ட சூடுன்னு சொல்லிக்கலாம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “அதை மறைச்சோம்னா நாமளும் நம்புறோம்னு அர்த்தமாகும், தரகரே. அந்த வாயில்லாச் சீவனுக்கு எதுக்குச் சூடு?” என்றார். காடு தரிசாகப் போகிற நேரத்தில் இப்படிச் சொன்ன மனுசர் அவர். நான் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு மாடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் அளவுக்கு ஒருவரைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

சரி, மாட்டை அவிழ்க்க வேண்டியதுதான் என்று வேப்ப மரத்தடிக்குப் போனேன். அங்கே ஒருத்தர் செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். என் வயதுதான் இருக்கும். ஒட்டின கன்னம், மொட்டையடித்து முளைத்த தலை. இத்தனை நேரமும் யாரும் அவரிடம் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேர் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து ஆறு மாதம் செயிலுக்குப் போய் வந்த ஆள். வாரத்துக்கு ஒரு தடவை போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போவார். அதனால் அவருக்குக் குத்தகை விட்டிருந்தவர் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். கூலிக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

“நல்ல மாடு, இதையா அவுக்கப் போறீக?” என்றார்.

“என்ன செய்யச் சொல்றீக?”

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார்.

“இந்தச் சுழி என்ன செய்யும்? விலங்கு விழும். அம்புட்டுத்தானே பேச்சு?”

“அம்புட்டுத்தான்” என்றார் மாயாண்டி. “அது போதாதாக்கும்?”

“மேலூர்லேருந்து என்னை மதுரைக்கு ரெண்டு கையையும் சேத்துப் பூட்டி நடத்திக் கூட்டிட்டுப் போனாக. பார்த்தவுக இருக்கீகளா?”

“நான் பார்த்தேன். சந்தைக்குப் போயிருந்தேன் அன்னிக்கி” என்றாள் அருப்புக்கோட்டைக் கிழவி.

“அப்ப எனக்கு விழ வேண்டியது விழுந்தாச்சுல்ல?”

மாயாண்டி லேசில் விடுகிற ஆளில்லை. “அது மாடு வாரதுக்கு முந்தி விழுந்தது. இனிமே விழுகுறதுதான் மாட்டுக் கணக்கு.”

நானாக இருந்தால் அந்த இடத்தில் கத்தியிருப்பேன். அவர் மாயாண்டியின் எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஊர்ல அம்மை போட்ட வீட்டுக்கு வேப்பிலை அடிக்க, தண்ணி ஊத்தப் பயமில்லாமப் போறது யாரு?”

“நான்தான்.”

“மத்தவுக ஏன் போகலை?”

“அவுகளுக்கு இன்னும் வரலை. ஒட்டிக்கிரும்.”

“உனக்கு?”

“எனக்குத்தான் சின்ன வயசிலேயே வந்து போயிருச்சே. ஆத்தா ஒரு தடவை வந்த ஒடம்புல மறுபடி வருவாளா?”

சொல்லிவிட்டு மாயாண்டி நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது. நானும் வாத்தியாரும் மாயாண்டியின் மண்டைக்குள் எதையாவது புதிதாக வைக்கப் பார்த்தோம். அந்த மனுசர் ஒன்றும் வைக்கவில்லை. மாயாண்டியிடம் இருந்ததையே மாயாண்டி கையில் எடுத்துக் கொடுத்தார். சுழியைப் பொய் என்று சொல்லவில்லை. யாரையும் முட்டாளாக்கவில்லை. ஊர் ஒத்துக்கொண்ட ஒன்று குறுக்கே நின்றது, ஊர் ஒத்துக்கொண்ட இன்னொன்றை வைத்து அதை நகர்த்தினார். தம்பிகளா, முப்பத்தைந்து வருசம் தரகு பண்ணினேன். இதைவிடச் சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

“அது சரிதான்” என்றார் மாயாண்டி கடைசியில். “நீ பிடிச்சா உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வாங்கின வாத்தியாரய்யா?”

“காட்டுல ஏர் ஓட்டப் போறது நான். என் பொறுப்பில இருக்கட்டும். விளைச்சல்ல பங்குன்னு காட்டை எனக்கு வாரத்துக்கு விட்டுட்டாகன்னா மாட்டுக்கு நான்தானே ஆளு?”

இப்போது எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் வெள்ளைக்காரர்கள். செயிலுக்குப் போய் வந்தவனுக்கு நிலத்தை விட்டிருக்கிறார் என்று காதில் விழுந்தால் வாத்தியார் வேலைக்கே ஆபத்து. அதை அவரும் யோசித்தார் என்பது குடையை அவர் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினதில் தெரிந்தது.

“கடை வாசல்ல என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“குடிக்காதீகன்னு சொல்லிக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்யா.”

“கல்லெறிஞ்சீங்களா?”

“இல்லை. எறிஞ்சாக, வாங்கிக்கிட்டேன்.”

வாத்தியார் குனிந்து ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். “குடிக்காதேன்னுதான் எங்க சபையிலயும் ஞாயிற்றுக்கிழமை தவறாமச் சொல்றோம்” என்றார். “யாராவது கேட்டா நான் இதையே பதிலாச் சொல்லிக்கிறேன். கயிறை அவுத்து ஏர்ல பூட்டுங்க.”

அவரும் அதே வேலையைத்தான் செய்தார், பாருங்கள். தன் பெரியவர்கள் ஒத்துக்கொண்ட ஒன்றை முன்னால் நிறுத்திக்கொண்டு அதற்குப் பின்னால் துணிந்து நின்றார்.

அரை மணியில் ஏர் கட்டினார்கள். செவலை முதல் உழவுச் சாலில் வாத்தியாரின் பழைய மாட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி போனது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க உழுது சோளம் விதைத்தாயிற்று. அந்த வருசம் கதிர் நன்றாக வாங்கியது. ஊர்க்காரர்கள் செவலைக்குத் தண்ணீர்த் தொட்டியையும் விட்டார்கள். லாடக்காரரும் வந்தார், ஆனால் கயிறை அந்த மனுசர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

இதில் ஒரு சங்கதியை நான் ஒளித்து வைத்திருந்தேன். அம்மைத் தழும்பு நியாயத்தை நான்தான் சொன்னேன் என்று தாவணி தாவணியாகச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பேரில் எனக்கு யாவாரம் பெருகியது. “சுழி மாடா? அவர்கிட்ட கொண்டு போ” என்பார்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுகிற இந்த எழுத்தில் இன்றைக்கு அதை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொன்னது நானில்லை. நான் சொன்னது காப்புச் சுழி.

யுத்த காலத்தில் அந்த மனுசர் வெள்ளைக்காரனை எதிர்த்து மறுபடியும் செயிலுக்குப் போனார். கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்த பயம் மாட்டைப் பற்றித்தான். சுழி பலித்துவிட்டது, அம்மை நியாயம் பொய்த்துவிட்டது, செவலையை அடித்துத் துரத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் விடுதலையாகி வருகிற அன்றைக்கு நானும் கொட்டாம்பட்டிக்குப் போனேன்.

ரோட்டோரத்தில் ஊரே நின்றது. அதே களத்தில் அவரோடு பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். குத்தகையைப் பிடுங்கினவர் கையில் மாலை இருந்தது. விடுதலையாகி வருகிறவரைப் பஸ்ஸிலிருந்து இறங்கினதும் ஏற்றிப்போக ஒரு வண்டி கட்டி நிறுத்தியிருந்தார்கள். வண்டியில் பூட்டியிருந்தது செவலை. கிழடு தட்டிவிட்டது, திமில் சரிந்திருந்தது, ஆனால் கொம்புக்கு மஞ்சள் பூசிக் கழுத்தில் பூச்சரம் போட்டிருந்தார்கள். வண்டியில் உட்கார்ந்து கயிறைப் பிடித்திருந்தது மாயாண்டி.

சுழி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதைப் பற்றின பேச்சும் அப்படியேதான் இருந்தது, வாங்கினவனுக்கும் ஓட்டினவனுக்கும் விலங்கு விழும் என்று. பத்து வருசத்தில் மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் கவனிக்கவில்லை. இந்தத் தொழிலில் நான் கவனிக்காமல் விட்டது அபூர்வம். கிட்டப் போய் மாயாண்டியைச் சீண்டினேன்.

“என்ன மாயாண்டியண்ணே, சுழி பலிச்சிருச்சு போல?”

“பலிக்காம? அவருக்கு ரெண்டாவது தடவையும் விழுந்திருச்சுல்ல.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல நீங்க கயிறைப் பிடிச்சிருக்கீக?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, கயிறை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார்.

“இருக்கட்டும் தரகரே. நமக்கும் ஒரு தடவை விழுந்தா விழுகட்டுமே.”